தீசிஸ் ஒட்டுகிற அக்கா

அக்கா: பேச்சை மாத்தாத. என் பேர்ல பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டது யாரு?

தம்பி: பசை காயுது பாரு, முதல்ல அந்த அட்டையை ஒட்டு. இங்க கேளு... இந்த வருஷத்துக் காலியிடப் பட்டியல். பூச்சியியல்ல ஒரு இடம். கரப்பான் பூச்சி எப்படித் தூங்குதுன்னு கண்டுபிடிக்கணுமாம்.

அக்கா: நம்ம பைண்டிங் கடையில அது தூங்கி நான் பார்த்ததே இல்ல. யாருடா போட்டது?

தம்பி: தத்துவத்துல ரெண்டு இடம். 'இருத்தல் என்றால் என்ன?' அஞ்சு வருஷம் சும்மா இருந்து பார்க்கணும் போல.

அக்கா: அஞ்சு வருஷத்துல எவன் முடிச்சான்? போன வாரம் பைண்டிங்குக்கு ஒருத்தர் வந்தாரே, சேரும்போது எடுத்த போட்டோவுல தலை நிறைய முடி!

தம்பி: அதெல்லாம் கைடு புடுங்கினது.

அக்கா: சிரிக்க வைக்காத. யுனிவர்சிட்டி ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. அஞ்சு மணிக்குள்ள நேர்ல வந்து பதில் சொல்லலைன்னா என் பேரை அடிச்சிடுவாங்களாம். இப்பவே மணி நாலு.

தம்பி: ...பொருளாதாரத்துல மூணு இடம்—

அக்கா: டேய்!

தம்பி: சரி, நான்தான். கத்தாத, கஸ்டமர் பார்க்குறாரு.

அக்கா: பார்க்கட்டும்! எந்தத் துறை?

தம்பி: சமூகவியல். தலைப்பு வந்து... ஆராய்ச்சியாளர்களோட நன்றியுரை.

அக்கா: என்னது?

தம்பி: பின்ன? பக்கம் சரிபார்க்குறேன்னு சொல்லிட்டு ஒவ்வொரு தீசிஸ்லயும் நன்றிப் பக்கத்தைத்தானே படிச்சிட்டு இருக்க! கைடுக்கு அரைப் பக்கம், கைடு சம்சாரம் குடுத்த காபிக்கு ஒரு பத்தி, சொந்தப் பொண்டாட்டிக்கு ஒத்தை வரி... பதினாறு வருஷமா நோட்டுல குறிச்சு வெச்சிருக்கியே!

அக்கா: என் நோட்டை எடுத்தியா? திருட்டுப் பயலே!

தம்பி: கேட்டா குடுத்திருப்பியா? நீ எம்.ஏ. முடிச்ச கையோட அப்பா தவறிட்டாரு. கடையில உட்கார்ந்து என்னைப் படிக்க வெச்ச. இன்னிக்கு வரைக்கும் அடுத்தவங்க பேருக்கு முன்னாடி 'முனைவர்'னு தங்க எழுத்து அடிச்சுக்கிட்டு இருக்க. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுதுக்கா.

அக்கா: ...கடையை யாரு பார்ப்பா? நீயா? போன வருஷம் ஒரு தீசிஸைத் தலைகீழா பைண்டு பண்ணினவன்!

தம்பி: அதை ஒருத்தரும் கண்டுபிடிக்கலையே! பட்டமே குடுத்துட்டாங்க.

அக்கா: கடவுளே...

தம்பி: கிளம்பு. போய் 'சரி'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வா.

அக்கா: ஒரு வார்த்தையில முடியாதுடா. ஒருத்தருக்கு ஒரு விண்ணப்பம்தானாம். என் பேர்ல ரெண்டு இருக்கு. ஒண்ணைத் திரும்ப வாங்கலைன்னா ரெண்டும் குப்பைக்குப் போயிடும்.

தம்பி: ரெண்டா? சத்தியமா நான் ஒண்ணுதான் போட்டேன்! இன்னொண்ணு எவன் போட்டது?

அக்கா: வரலாற்றுத் துறைக்கு...

தம்பி: துறையை விடு. எவன்னு சொல்லு, நான் பார்த்துக்கறேன்.

அக்கா: எவனும் இல்ல, நான்தான். கடையை உன் தலையில கட்டிட்டு ஓடுறேன்னு நினைச்சிடுவியோன்னு சொல்லல. எனக்கு அவ்வளவு ஆசைடா... ஆனா 'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?'னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதக் கை வரல. ஒரு கோடு போட்டு அனுப்பிட்டேன். நோட்டு, அப்பா, கடைன்னு நீ இப்ப சொன்னதைத்தானே அந்தக் கட்டத்துல எழுதியிருப்ப? அப்போ நான் திரும்ப வாங்கப் போறது என்னோடதைத்தான்.