வெறும் போசி வராது

– பழையபடி பிளாஸ்டிக் கவர்லயே கட்டிக் குடுங்க கோமளாம்மா. இல்லீன்னா இந்த மெஸ்ஸுக்கு வேற மாஸ்டரப் பாத்துக்குங்க. சொல்லிப்போட்டேன்.

– ஏனுங்க மாஸ்டர், போன மழைக்குச் சாக்கடை அடைச்சு அடுப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சே, மறந்துட்டீங்களா? தோண்டி எடுத்தா அத்தனையும் நம்ம மெஸ் பேரு போட்ட கவரு. தெருவே நின்னு படிச்சுது. எனக்கு மானமே போச்சுங்க.

– அதுக்குத்தான் நூறு தூக்குப்போசி வாங்கி நம்பர் அடிச்சு உட்டீங்க. பார்சல் வாங்கறவங்க மக்யா நாள் காலையில கழுவித் திருப்பிக் குடுக்கோணும்னீங்க. சரின்னேன். வெறும் போசியாவா வருது?

– நம்மூர்ல யாருங்க வெறும் போசியத் திருப்பிக் குடுப்பா? ஒரு கை கருவேப்பிலை, ரெண்டு முருங்கக்கா, மனசு வந்து போடறாங்க. எதுத்த பேக்கரிக்காரரே இப்ப டப்பா கொண்டாங்கன்னு போர்டு வெச்சுட்டாரு. சாக்கடையில தண்ணி ஓடுதுங்க மாஸ்டர், பாத்தீங்களா?

– முருங்கக்கா வந்த வரைக்கும் நான் வாயத் தொறக்கலீங்க. கொழம்பு வர ஆரம்பிச்சுதே. நேத்து மத்தியானம் என்ர கொழம்பு தீந்துபோச்சுன்னு, அப்படி வந்ததை எடுத்து எலையில ஊத்திப்போட்டீங்க.

– ஒரே ஒரு எலைக்குத்தானுங்க. பேங்க்கு சத்தியசீலன் சாருக்கு.

– அந்த மனுசன் இருவது வருசமா என்ர சமையலத் திங்கறாரு, ஒரு நா நல்லாருக்குன்னதில்ல. நேத்து அடுப்படிக்கே வந்து என்ர கையப் புடிச்சுக்கிட்டு, 'மாஸ்டர், இன்னிக்குத்தான் கொழம்பு கொழம்பா இருக்கு'ங்கறாரு. எனக்குச் சோறு எறங்கலீங்க. கவரு திரும்பி வருமா? அதுல கொழம்பு வருமா?

– தட்டப்பயிறு கத்திரிக்காக் கொழம்புங்க. மீதிய நானும் வழிச்சுத் தின்னுபோட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

– யாரு வெச்சதுன்னு தெரியோணும். நேராப் போயி நாலு கேள்வி கேக்கோணும். என்ர ஊட்ல சாந்தாமணி கொழம்பையே நான் வாயில வெச்சதில்லீங்க, உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லி, தெனமும் இங்கிருந்துதான் போசியில கொண்டுட்டுப் போறேன். ஊரா ஊட்டுக் கொழம்புக்கு நான் பேரு வாங்கோணுமா?

– அக்பர் அலி பாய் காலையில ஆட்டோவுல ஊடூடாப் போயி வாங்கியாறாரு. எது எந்த ஊட்டுதுன்னு அவருக்கு ஞாபகமில்லியாம். அந்தப் போசி மூடி இங்கதான் கெடக்குது, இருங்க பாக்கறேன். நம்பர் இருபத்தேழு. இது யாருதுங்க?

– இருபத்தேழா? நல்லாப் பாருங்கம்மா, என்ர ஊட்டுக்குப் போற போசியாச்சே அது.

– இருபத்தேழேதானுங்க மாஸ்டர்.

– கவரு வேண்டாமுங்கம்மா, போசியே இருக்கட்டும். ஆனா சத்தியசீலன் சார் சொன்னது மட்டும் சாந்தாமணி காதுக்குப் போயிறக் கூடாதுங்க.