வினோதினியின் கடவாய்ப்பல்

— இது கறை இல்ல வேணி. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. வினோதினிக்குப் பல்லோட உள்பக்கமே பலம் இல்லாம வந்திருக்கு. மேலோடு உதிர்ந்ததும் தேய ஆரம்பிச்சுடுச்சு.

— அதான் டாக்டரம்மா, சோத்தைக் கொழைச்சு ஊட்ட வேண்டியிருக்கு. பள்ளிக்கூடத்துல வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசறாளாம்.

— கடவாப் பல்லுங்களுக்கு ஸ்டீல் கேப் மாட்டிடலாம். விட்டா ஈறுமட்டத்துக்குப் போயிடும்.

— கேப்பெல்லாம் வேணாங்க டாக்டர். பால்பல்லுதானே, வுழுந்து மொளைச்சா வெள்ளையா வந்துடும். வேணி, புள்ளயத் தூக்கு. வேப்பந்தட்டை பஸ்ஸு வந்துடும்.

— உக்காருங்க வீரமணி. அடுத்து மொளைக்கிறதும் இப்படித்தான் வரும். எக்ஸ்ரேலயே தெரியுது. இது பரம்பரையா வர்றது. பெரும்பாலும் அம்மா அப்பாவுல ஒருத்தருக்கு இருக்கும்.

— பரம்பரை இல்லீங்க டாக்டரம்மா. என் பல்லு நல்லாத்தானே இருக்கு? அவருக்கு மக்காச்சோளக் கதிராட்டம் வரிசை. இது நான் செஞ்ச வெனை. இவ வயித்துல இருந்தப்ப நர்ஸம்மா குடுத்த சத்து மாத்திரைய ஒன்னு வுடாம முழுங்குனேன். அதுலதான் புள்ள பல்லு கறுத்துச்சுன்னு எங்க மாமியா ஊரு பூரா சொல்லியாச்சு.

— மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.

— நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. அதான் இந்தத் தடவ தொடறதே இல்ல. குடுக்கக் குடுக்க மாட்டுக் கொட்டாய்ல பொதைச்சுடறேன்.

— இந்தத் தடவயா? மாசமா இருக்கியா? கண்ணைக் காட்டு. வெளுத்துக் கெடக்கே. மூச்சு வாங்குதா?

— நேத்துக் கொல்லையில மயங்கி வுழுந்தேன். அது கெடக்குதுங்க.

— எது கெடக்குது? இப்படியே போனா பிரசவத்துல உன்னைக் காப்பாத்தறதே கஷ்டம். வீரமணி, நீங்களாவது சொல்லுங்க.

— வேணி. மாத்திரையச் சாப்புடு.

— மாட்டேன். ஒரு புள்ள வாயைக் கெடுத்தது போதும். இதையும் கெடுத்துட்டு உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— நீ கெடுக்கல. அது அம்மாவுக்கும் தெரியும்.

— என்ன தெரியும்?

— டாக்டர், ஒரு கிண்ணம் குடுங்க. எனக்கும் இதே பல்லுதான், இவளப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே மொத்தமாப் புடுங்கிட்டு பல்லு செட்டு வச்சாங்க. மோட்டார் கொட்டாய்ல ஒளிச்சு ஒளிச்சுக் கழுவுனது போதும், இன்னிக்கு இவ முன்னாடியே கழட்டறேன்.