ஏழாயிரம் பவுண்டு காணோம்

ஹேசல்: கிளிஃப்! அந்த மண்வெட்டியப் போட்டுட்டு ஓடி வா! ஏழாயிரம் பவுண்டு காணோம்!

கிளிஃப்: என்னது… திருட்டா?

ஹேசல்: திருட்டு இல்ல மனுஷா, கடன்! நான் கட்டவேண்டிய கடன் காணாமப் போச்சு. ஃபோனப் பாரு. பாக்கி… சைபர்!

கிளிஃப்: ஓ… நல்லதுதானே.

ஹேசல்: நல்லதா? பொண்டாட்டிக்கு ஏழாயிரம் கடன் இருந்துச்சுங்கறேன், டீ ஆறிப்போச்சுன்னு சொன்ன மாதிரி நிக்கிற!

கிளிஃப்: இல்ல… திடீர்னு சொன்னியா… அதான்.

ஹேசல்: உக்காரு. கடன்னாலே உனக்குக் காய்ச்சல் வரும்னுதான் சொல்லல. ஒரு பேங்க்ல கிரெடிட் கார்டு குடுத்தான். ஈஸ்டர் வரைக்கும் வட்டியே கெடையாது.

கிளிஃப்: அவ்வளவு பணத்துக்கு… அப்படி என்ன செலவு ஹேசல்?

ஹேசல்: ஒரு பென்னிகூட இல்ல!

கிளிஃப்: என்ன?

ஹேசல்: அப்படியே எடுத்து இன்னொரு பேங்க்ல சேமிப்புல போட்டுட்டேன்! இவன் வட்டி கேக்க மாட்டான், அவன் வட்டி குடுப்பான். மாசாமாசம் சின்னத் தவணை தானாப் போயிடும். ஈஸ்டருக்கு முன்னாடி மொத்தத்தையும் திருப்பிட்டா, நடுவுல வந்த வட்டி நமக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் கையே!

கிளிஃப்: அப்ப பணம்… இருக்கு?

ஹேசல்: பத்திரமா!

கிளிஃப்: அப்புறம் எதுக்குக் கார்ட டீத்தூள் டப்பாக்குப் பின்னாடி ஒளிச்ச?

ஹேசல்: கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவேனோன்னுதான். பேங்க்ல மாத்தின பணத்துக்குத்தான் வட்டி இல்ல, கடையில ஒரு பிஸ்கட் வாங்கினாலும் வட்டி ஏறிடும்… இரு, டப்பா விஷயம் உனக்கெப்படித் தெரியும்?

கிளிஃப்: டீ போட்டேன்ல… கண்ணுல பட்டுது. அவ்வளவுதான்.

ஹேசல்: நீயா? டீயா? சரி விடு! வட்டிக் காசு எதுக்குன்னு கேளேன்.

கிளிஃப்: எதுக்கு?

ஹேசல்: உன் ஓட்டப் பல்லுக்கு! அரசாங்கப் பல் டாக்டர் கூப்பிடுவான்னு உக்காந்திருந்தா, அதுக்குள்ள மத்த பல்லும் விழுந்துடும்.

கிளிஃப்: என் பல்லுக்கா… ஐயோ ஹேசல்…

ஹேசல்: இப்ப பாரு, பேங்க்காரன் எங்கயோ தப்புப் பண்ணி கடனையே அழிச்சுட்டான்!

கிளிஃப்: தப்புப் பண்ணலேன்னா?

ஹேசல்: பின்ன? தேவதை வந்து கட்டிட்டுப் போச்சா? நாளைக்கு ஃபோன் பண்ணிக் கேப்போம், திருப்பியும் எழுதிக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் பணக்காரி நான்! கெளம்பு, விட்பிக்குப் போய் கடல் பாத்துக்கிட்டே மீனும் சிப்ஸும்.

கிளிஃப்: பஸ்ல போலாமே.

ஹேசல்: பஸ்லயா! கல்யாணத்துக்கு முன்னாடி மழையில நனைய நனைய என்னக் கூட்டிட்டுப் போன மோட்டார் சைக்கிள் ஷெட்டுல நிக்குது. நான் பக்கத்துல கோத்த சைட்கார்ல ராணி மாதிரி உக்காந்து வருவேன்.

கிளிஃப்: மழை வரும்போல இருக்கு…

ஹேசல்: யார்க்ஷயர்ல என்னிக்கு மழை வரல? உன் பொண்டாட்டிய விட அந்த வண்டியத்தான் அதிகமாத் தொடச்சிருக்க. இன்னிக்கு என்ன? சாவிய எடு.

கிளிஃப்: ஹேசல்…

ஹேசல்: ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? பல் வலியா?

கிளிஃப்: போன வாரம் உன் ஃபோன்ல பாக்கின்னு வந்துச்சு. ஏழாயிரம். அப்புறம் அந்தக் கார்டு. பாவம், எதுலயோ மாட்டிக்கிட்டு எங்கிட்டகூடச் சொல்ல முடியாமத் தவிக்கிறியேன்னு… தெனமும் கேக்கணும்னு வருவேன். பொண்டாட்டியே ஆனாலும் காசு விஷயத்த எப்படி வாய்விட்டுக் கேக்குறது? திரும்ப மண்வெட்டியத் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிடுவேன். அந்தக் கார்டு நம்பருக்கு நேத்துக் கட்டிட்டேன், ஹேசல். சாவி எங்கிட்ட இல்ல… ஷெட்டும் காலி.