கத்துகிற குட்டிக்கு ஒன்றுமில்லை

அன்று சனிக்கிழமை, அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி வெல்லப்பாகு சேர்த்துப் பீன்ஸ் பயறு வேகவைத்திருந்தேன். ஆர்மாண் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "வெல்லப்பாகு கூடிப்போச்சு, ஓடெட்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சனிக்கிழமைதோறும் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு மறுபடியும் தட்டை நீட்டுவார்.

சாப்பிட்டு முடித்ததும் மின்சாரம் போனது. பனிக்கட்டி பூசிய கிளைகள் வெளியே முறிந்துகொண்டிருந்தன. மெய்ன் மாநிலத்துக் குளிர்காலத்தில் இது புதிதல்ல. அவருடைய ஆக்சிஜன் இயந்திரம் கீச்சிட்டு நின்றது. சிறிய சிலிண்டரை மாட்டிக் கொடுத்தேன். அது அதிக நேரம் வராது. தீர்ந்ததும் அடுத்ததைச் சாவி போட்டு முறுக்கி மாட்ட வேண்டும். அவர் விரல்கள் மடங்காது. அது என் வேலை.

அன்று காலை தேவாலய வாசலில் யாரோ ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள். பாதிரியார் என்னைத்தான் கூப்பிட்டார். எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னையும் பெட்டில போட்டு சர்ச் வாசல்ல வெச்சிருந்தா, மடியில போட்டு பாட்டில்ல பால் குடுத்திருப்ப" என்றார் ஆர்மாண்.

"உங்களுக்கு மீசை பத்தாது" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "திங்கக்கிழமை ரெனே வர்றா. இதுங்களோட சேத்து வீட்ல இருக்கற எல்லாப் பூனையையும் காப்பகத்துல விட்டுடுவா. டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான இருந்த?"

ரெனே அவருடைய முதல் மனைவியின் மகள். பூனை முடி அவர் நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

குட்டிகள் கீழே நிலவறையில் இருந்தன. நான் இறங்கிப் போனபோது அவற்றின் மின்சாரச் சூட்டு மெத்தை ஆறிப்போயிருந்தது. குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது, செரிக்காமல் செத்துவிடும். முதலில் சூடு வேண்டும். மூன்றையும் சட்டைக்குள் போட்டுத் தோலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி நிறையக் குட்டிகள் வந்தால், கத்துகிற குட்டியை முதலில் எடுக்க மாட்டோம். கத்துவதற்கு அதனிடம் மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பதைத்தான் முதலில் எடுப்போம்.

மேலேயிருந்து ஆர்மாண் கூப்பிட்டார். "ஓடெட், சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு."

"வர்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஓடெட், விளையாடாதம்மா" என்றார். கத்துகிறார், மூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கைத்தடியால் தரையைத் தட்டினார். அதுவும் சத்தம்தான்.

பிறகு அதுவும் நின்றது.

நான் அசதியில் தூங்கியிருப்பேன், எனக்குக் கேட்டிருக்காது என்று நீங்கள் விசாரித்தபோது ரெனே சொன்னாளாம். நல்ல பெண். எனக்குக் கேட்டது. சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. அப்போது சாம்பல் நிறக் குட்டி வாயைத் திறந்து என் மார்பில் எதையோ தேடியது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் குட்டிகள் குளிர்ந்துவிடும் என்று போன முறை நீங்கள் விசாரிக்க வந்தபோது சொன்னேன். அது சரியல்ல. குட்டிகளைச் சட்டைக்குள் வைத்தபடியே படியேறலாம். எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். நான் திங்கட்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ரெனே வந்தாள். பூனைகளைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை. இப்போதும் மேலே நடமாட்டம் கேட்டால் அவர்தான் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். பூனைகள்தான். இப்போது எல்லா அறைகளையும் திறந்தே வைக்கிறேன்.

அவரை நான் வெறுத்ததில்லை. அவருக்கு மகள் இருந்தாள், டாக்டர் இருந்தார். இவற்றுக்கு நான் ஒருத்திதான்.

மூன்றும் பிழைத்துக்கொண்டன. வளர்க்கக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.