மைத்துனருக்குப் புளித்த பால்

எனக்குத் தயிர் ஆகாது, டாக்டர். தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனாலும் பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில்தான் இத்தனை வருடமாகக் காலம் தள்ளுகிறேன்.

எங்களோடு இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன மாப்ள, இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சீங்க? பால் வெள்ளைன்னா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். மனுஷன் தங்கமானவர். குரலும் ரத்த அழுத்தமும்தான் கொஞ்சம் அதிகம்.

பால் புளிக்கும்போது அதிலுள்ள புரதம் சின்னச் சின்னத் துண்டுகளாக உடையும். பெப்டைடு என்போம். அவற்றில் சில, ரத்தக் குழாய்களை இறுக்கும் நொதியைக் கட்டுப்படுத்தும். அதனால் அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம் என்கிறார்கள். அந்தக் 'கொஞ்சம்'தான் எனக்கு உறுத்தியது. அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டாமா?

தினமும் ஒரு பாட்டில் புளித்த பால் கொடுத்தேன். குடிப்பதற்கு முன் அழுத்தம் பார்க்கும்போது, அவர் மகளின் புகுந்த வீட்டுப் பேச்சை மெல்ல எடுப்பேன், ஆள் கொதித்துப்போவார். குடித்த பிறகு, கண்ணை மூடிச் சாய்ந்திருக்கச் சொல்லி மறுபடி பார்ப்பேன். இறங்கியிருக்கும்.

"அடேங்கப்பா, மாப்ள கில்லாடிதான்!" என்றார். என் மனைவி அன்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் அவரே கெடுத்தார். "நான் போடற பிரஷர் மாத்திரையும் சேர்ந்துதானே வேலை செய்யுது?" என்று ஒரு வார்த்தை விட்டார். நியாயமான சந்தேகம். இரண்டும் உள்ளே போனால் பெயர் மாத்திரைக்குத்தான் போகும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். அதே நிறத்தில் சத்து மாத்திரை கிடைத்தது, மாற்றிவைத்தேன். அதைச் சொல்லி அவர் மனதைக் குழப்பவில்லை.

நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று நீங்கள் கேட்டதும் என் மனைவி, "இவர்தான் பாத்துப் பாத்துக் குடுப்பார்" என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதமாக ஒன்றுகூட அவர் வயிற்றுக்குள் போக நான் விடவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது? அவர் பிழைக்க வேண்டும், அதுதான் முக்கியம். பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒரே ஒரு உதவி, டாக்டர். இன்னும் ஒரு வாரம் உங்கள் மருந்தை மட்டும் நிறுத்திவைக்க முடியுமா? எது வேலை செய்தது என்று அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரியும்.