தெற்குச் சந்தின் கிணறு

இங்கே மழைக்காலத்தில் உப்பு ஜாடியை மூட மறந்தால் மறுநாள் உப்பு கசிந்து கிடக்கும். மட்டாஞ்சேரிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்காது, இன்ஸ்பெக்டர் சார். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். ஈரக்காற்று பட்டால் வீரியம் போய்விடும், வாசனை கொஞ்சம் மிஞ்சும்.

நானும் கமலாக்ஷியும் பாலக்காட்டுக்காரர்கள். ஒரே பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தோம். புள்ளியியல் என் பாடு, வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவள் பாடு. சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இரண்டு சந்துகள். வடக்குச் சந்துக் கிணற்றில் வாராவாரம் பவுடர் போடுவோம், தெற்கில் போட மாட்டோம். ஒப்பிட்டால்தானே பவுடரின் பலன் தெரியும்? எந்தச் சந்துக்கு என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்தேன். ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மழையோடு காலரா வந்தது. தெற்குச் சந்தில் முதல் சாவு விழுந்ததும் கமலாக்ஷி அங்கே எல்லோரையும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். பிறகு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவா மனுஷாளாக்கும். உங்க கணக்குக்காக இவா சாகணுமா?"

அந்தக் கிணற்றிலும் பவுடர் விழுந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. அத்தனை வருட உழைப்பும் பட்டமும் போயிற்று. அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. சரி என்றேன். வெலிங்டன் தீவிலிருந்து சரக்கு வரவேண்டும் என்று அவளைச் சில நாள் காக்க வைத்தேன்; அந்த நாட்களில் என் அறையிலிருந்த பவுடரைத் தரையில் பரப்பி ஜன்னலைத் திறந்து விட்டேன். வீட்டுக்காரர் நாணு சேட்டன் பார்த்ததாகச் சொன்னது உண்மைதான். பிறகு டின்னில் அள்ளிப் போட்டு அவளிடம் கொடுத்தேன். வீரியத்தைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை, பார்த்தேன்.

மழையில் விறகெல்லாம் நனைந்து சந்தே புகைந்துகொண்டிருந்தது. கிணற்றில் பவுடரைப் போட்டுவிட்டு, இனிக் காய்ச்ச வேண்டாம் என்று கமலாக்ஷியே சொன்னாள். சுக்குக் கிடங்கில் வேலை செய்யும் மாயம்மாள் நம்பவில்லை.

"மொத நீங்க குடிங்கம்மா, பொறவு நாங்க குடிக்கோம்."

கமலாக்ஷி ஒரு செம்பு வாங்கிக் குடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

மாயம்மாளும் அவள் பிள்ளைகளும் போனார்கள், இன்னும் பலரும் போனார்கள். ஆஸ்பத்திரியில் கமலாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே காய்ச்ச வேண்டாம்னேன்" என்றாள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கொஞ்சம் தூங்கு என்றேன்.

என் ஆய்வேட்டில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை, சார். கமலாக்ஷி தெற்குச் சந்தில் குடியிருந்தவள் அல்ல, ஆகவே அவள் சாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் முடிவு இன்னும் எடுப்பாக வந்திருக்கும். ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒரு நேர்மை வேண்டாமா?