மேசைக்கு அடியில் ஒரு சம்பந்தம்

அண்ணன்: ஐயா... உங்க முட்டி என் கைமேல இருக்கு.

மாப்பிள்ளை அப்பா: அடடா, பாக்கல தம்பி. ஆமா, நீ எதுக்கு மேசைக்கு அடியில வந்த?

அண்ணன்: ஸ்பூன் விழுந்துச்சு. நீங்க?

மாப்பிள்ளை அப்பா: கண்ணாடி.

அண்ணன்: போட்டிருக்கீங்களே!

மாப்பிள்ளை அப்பா: இது... தூரத்துக்கு. விழுந்தது படிக்கிறதுக்கு. உன் ஸ்பூன் கிடைச்சுதா?

அண்ணன்: தேடிட்டே இருக்கேன்.

மாப்பிள்ளை அப்பா: கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா?

அண்ணன்: தூசி விழுந்துடுச்சு ஐயா.

மாப்பிள்ளை அப்பா: சரி சரி, எழுந்து போ. என் சம்சாரமும் பையனும் சாப்பாடு எடுக்க வரிசையில நிக்கிறாங்க, இப்ப வந்துடுவாங்க. பொண்ணு பாக்க ஓட்டலுக்கு வந்துட்டு, பொண்ணைத் தனியா உட்கார வச்சா நல்லாவா இருக்கு?

அண்ணன்: பெரியவங்க, நீங்க முதல்ல போங்க.

மாப்பிள்ளை அப்பா: இப்பத்தான் உனக்கு மரியாதை பொங்குதாக்கும்!

அண்ணன்: பக்கத்து மேசையில பிறந்தநாள் கூட்டம் போயிடுச்சா?

மாப்பிள்ளை அப்பா: எங்க போச்சு? இன்னும் ஏழு பலூன் இருக்கு.

அண்ணன்: எண்ணிட்டீங்களா!

மாப்பிள்ளை அப்பா: சும்மா... கண்ணுல பட்டுச்சு.

அண்ணன்: ஐயா, ஒண்ணு வெடிச்சதும் எனக்கு முன்னாடியே நீங்க இங்க வந்துட்டீங்க. நானே வேகமான ஆளு.

மாப்பிள்ளை அப்பா: மெதுவா பேசு! என் பையனுக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்குப் படிக்க வந்ததா நினைச்சுட்டிருக்கான்.

அண்ணன்: நீங்களும்... குண்டு விழுந்த அந்தச் சண்டைக்குத் தப்பி வந்தவரா?

மாப்பிள்ளை அப்பா: இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. சத்தம் கேட்டா குனிஞ்சிடுவேன். கேட்டா இடுப்பு வலின்னு சொல்லிடுவேன். என் சம்சாரம் இந்த இடுப்புக்குத் தடவாத தைலம் இல்ல.

அண்ணன்: நான் வண்டி பழுது பாக்குற கடையில சேர்ந்ததே இதுக்குத்தான். நாள் முழுக்க வண்டிக்கு அடியிலயே கிடக்கலாம். எவனும் ஏன்னு கேக்கமாட்டான்.

மாப்பிள்ளை அப்பா: கெட்டிக்காரன்டா நீ! எத்தனை வருஷமாச்சு?

அண்ணன்: பதினொண்ணு. போகப்போக சரியாயிடும்னு சொன்னாங்களே...

மாப்பிள்ளை அப்பா: என்கிட்டயும் சொன்னாங்க.

அண்ணன்: அப்போ போன்ல ஏன் அப்படிக் கேட்டீங்க? "உங்க வீட்ல யாருக்காவது அந்தச் சண்டைக்காலத்து பாதிப்பு இருக்கா? இருந்தா சம்பந்தம் வேண்டாம்"னு. நான் கூசாம "இல்லவே இல்லை"ன்னு புளுகினேன்.

மாப்பிள்ளை அப்பா: ஒரு வீட்டுக்கு என்னை மாதிரி ஒருத்தன் போதும்பா. என் பையனாவது நிம்மதியா இருக்கட்டும்னு நினைச்சேன்.

அண்ணன்: அவ்வளவுதான், போச்சு. என்னால தங்கச்சி வாழ்க்கை போச்சு. ஐயா, என்னை வேண்டாம்னு சொல்லுங்க, கல்யாணத்துக்கே நான் வரல. ஆனா அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க. அவ ரொம்ப தைரியசாலி. பாருங்க, பலூன் வெடிச்சப்பகூட சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தா.

தங்கை: அண்ணா...

அண்ணன்: ஐயோ! உனக்குக் கேட்டுச்சா?

தங்கை: எல்லாம் கேட்டுச்சு. நான்... நான் சிரிக்கல அண்ணா.

அண்ணன்: என்னம்மா சொல்ற?

தங்கை: பலூன் வெடிச்சதிலேருந்து முகம் விறைச்சு அப்படியே நின்னுடுச்சு. நாற்காலியைப் பிடிச்ச கையும் விடமாட்டேங்குது. எப்பவும் இப்படித்தான் ஆகும். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு மறைச்சேன். அவங்க தட்டோட வந்துட்டிருக்காங்க... நான் என்ன சொல்றது?

மாப்பிள்ளை அப்பா: உண்மையைச் சொல்லிடு மருமகளே. என் பையன்கிட்ட, உங்கப்பா கண்ணாடி தேடல, பயந்து போய் உட்கார்ந்திருக்கார்னு சொல்லு. நீ கையை அவசரப்பட்டு எடுக்காத, தானா விடும். டேய், தள்ளி உட்காருடா... அவளுக்கும் இடம் வேணும்ல.